அமைதி நேரத் தொடக்க விழா

அமைதி தானாக வந்துவிடாது, அதை முறைப்படி தொடங்கிவைக்க வேண்டும் என்பது ஷண்முகசுந்தரத்தின் கொள்கை. எதையும் முறைப்படி தொடங்கிவைப்பதில் அவருக்கு ஆயுள்கால அனுபவம் இருந்தது. ஆர்.கே.பேட்டைக்காரர். எங்கோ ஒரு கோயிலில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, கனகம்மாசத்திரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக முளைத்திருந்த 'குபேரா குதூகல உலகம்' என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மேலாளராக வந்து சேர்ந்தார். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி தேடிக்கொண்டிருந்தாராம்.

அவர் வந்த பிறகு பூங்காவின் நிறமே மாறிவிட்டது. சறுக்குமரத்துக்குப் பொது வரிசை, சிறப்பு வரிசை, அதிசிறப்பு வரிசை என்று மூன்று வரிசைகளுக்குக் கம்பி கட்டினார். ஒரு வரிசையிலும் ஆள் இல்லாவிட்டாலும் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். உச்சிவேளையில் எல்லா ராட்டினங்களுக்கும் நடை சாத்தப்பட்டது. இடமிருந்து வலமாகத்தான் பூங்காவைச் சுற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பொம்மை டைனோசருக்கு முன்னால் இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டதை அவர் தன் நிர்வாகத்தின் வெற்றியாகவே கருதினார்.

பச்சையப்பனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவர் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் மகள் ஹம்சாவுக்குச் சுற்றுகிற பொருள் பிடிக்கும், சத்தம் பிடிக்காது என்பதுதான். ஹம்சாவுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. மின்விசிறி, தையல் மிஷின், கரும்பு ஜூஸ் கடைச் சக்கரம் என்று எது சுற்றினாலும் கிட்டே போய் நின்றுவிடுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு தெளிவாக இருக்கும். பெரிய சத்தம் கேட்டால் அந்த முகம் கலைந்துபோகும். காதைப் பொத்திக்கொள்வாள். சத்தம் நிற்காவிட்டால் மணிக்கட்டைக் கடிப்பாள், ரத்தம் கசிகிறவரை விடமாட்டாள். ஆடிக் கிருத்திகைக் காவடிகள் அவர்கள் தெரு வழியாகத்தான் மலைக்குப் போகும். ஊரே வாசலில் நிற்கும்போது இவர்கள் மூன்று பேர் மட்டும் ஜன்னலுக்குக் கோணி கட்டி உள்ளறையில் உட்கார்ந்திருப்பார்கள். முருகன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று பச்சையப்பன் நம்பினார். ஊர்க்காரர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

சென்னையில் ஒரு டாக்டரம்மாதான் இதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முதலிலேயே படமாக வரைந்து காட்டிவிட்டு, அதே வரிசையில் நடத்தினால் குழந்தைக்குப் பயம் குறையும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அவரைப் பார்க்கப் போய் வந்த பஸ்ஸில்தான் ஹம்சா முதன்முதலில் அந்தப் பெரிய ராட்டினத்தைப் பார்த்தாள். பூங்காவின் மதிலுக்கு மேலே, பனைமரங்களையும் தாண்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் தாண்டிப்போன பிறகும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒருமுறை ஆசையோடு கூட்டிப்போய் இறங்கினார்கள். வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. வாசலோடு திரும்பினார்கள். பார்க்காமலே திரும்பியதில் அவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

இந்த நிலைமையில்தான் திருத்தணி பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பச்சையப்பனின் மனைவி கயல்விழி பார்த்தாள். 'தெய்வக் குழந்தைகளுக்காக அமைதி நேரம்! ஞாயிறு காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரை ஒலிபெருக்கி இல்லை! பாட்டு இல்லை! அனுமதி இலவசம்!' என்று போட்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பிள்ளையையும் ஒருத்தர் நினைத்துப் பார்த்திருக்கிறாரே என்று வீட்டுக்கு வந்து அட்டையில் படம் வரைந்தாள். முதலில் பஸ், அடுத்து வாசல், அடுத்து ராட்டினம், திரும்பவும் பஸ். ஹம்சா அந்த அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது, ஏறினார்கள். வாசல் வந்தது, இறங்கினார்கள். இறங்கியதும் மேளம் முழங்கியது.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை. முன்னால் பூர்ணகும்பத்தோடு ஷண்முகசுந்தரம், பட்டை ஜரிகை வேட்டியில். அழைப்பை நம்பி வந்திருந்த மற்ற குடும்பங்கள் வந்த ஆட்டோவிலேயே திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு பையன் ஆட்டோவுக்குள் தலையை முட்டிக்கொண்டு கத்தியது மேளத்தில் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. ஆக, மிஞ்சிய தெய்வக் குழந்தை ஹம்சா ஒருத்திதான். எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த மரியாதை முழுவதும் அவள் தலையில் இறங்கியது.

கயல்விழி அவளை இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பச்சையப்பன் மேலாளரிடம் ஓடினார்.

"ஐயா, சத்தம் இருக்காதுன்னு போட்டிருந்தீங்களே!"

"ஆங், இருக்காது. பத்து மணிக்கு மேல இருக்காது. இப்ப பத்து ஆவலையே?"

"கொயந்தைக்கு ஆவாதுங்க. மேளத்த நிறுத்தச் சொல்லுங்க."

ஷண்முகசுந்தரம் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "என்னாப்பா இப்படி சொல்ற? ஊர் பேர் தெரியாத பெரிய மனுசனுக்கெல்லாம் மேளம் வெச்சிருக்கேன். தெய்வக் கொயந்த வருது, சும்மா கூட்டிக்கினு போறதா? நாளைக்கு எவனாச்சும் கேட்டான்னா? மேளம் இல்லாத மரியாதைய எங்கனா பாத்துகிறியா நீ?"

பச்சையப்பன் பார்த்ததில்லை. 

பத்து மணி ஆனது. மேளம் நின்றது. ஹம்சாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. உடனே ஒலிபெருக்கி பேசியது.

"அன்பார்ந்த பொதுமக்களே! அமைதி நேரம் தொடங்கிவிட்டது! அனைவரும் அமைதி காக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!" இதையே அடுத்துத் தெலுங்கிலும் சொன்னார்கள், சித்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று. பிறகு மறுபடியும் தமிழில். அமைதி நேரம் முடியும்வரை நிமிஷத்துக்கு ஒருமுறை அறிவிக்க உத்தரவாம்.

உத்தரவை மீறுகிறவர்களைக் கவனிக்க அமைதிக் குழு ஒன்றும் இருந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஆட்கள், ஆளுக்கொரு விசில். யாராவது சிரித்தால் விசில் அடிப்பார்கள். தூரத்தில் இருக்கிற குழுவினருக்கு அது கேட்டதா என்று தெரிய அவர்கள் பதில் விசில் அடிப்பார்கள்.

ஹம்சா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் நடந்தாள். தூரத்தில் ராட்டினம் தெரிந்தது, அதனால் நடந்தாள். கிட்டே போனதும்தான் அது சுற்றவில்லை என்பது தெரிந்தது. அச்சில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவள் அம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், ராட்டினத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அது நின்று அவள் பார்த்ததில்லை. பஸ்ஸிலிருந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ஐயா," என்றார் பச்சையப்பன், "உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அத மட்டும் சுத்தவிடுங்க. ஒரு சுத்து ஏறி எறங்கிட்டுப் போயிர்றோம். வேற எதுவுமே வாணாம்."

"சிறப்பு விருந்தினர் வராம ரிப்பன் வெட்ட முடியாதுப்பா. ரிப்பன் வெட்டாம சுத்த முடியாது. ஒண்ணு முடியாம இன்னொண்ணு ஆரம்பிக்கறது என் சர்வீஸ்லயே கெடையாது." சட்டைப்பையிலிருந்து அச்சடித்த நிகழ்ச்சி நிரலை எடுத்து நீவிவிட்டுக்கொண்டார். "வந்துகினே இருக்காராம். மேடையில வந்து குந்துங்க."

மேடை ராட்டினத்துக்கு எதிரிலேயே இருந்தது. நடு நாற்காலியில் ஹம்சா. இரண்டு பக்கமும் அப்பா அம்மா. பின்னால் ஆளுயர ஒலிபெருக்கி ஒன்று. நேரம் போய்க்கொண்டிருந்தது. பதினொன்று அடித்தால் எல்லா விளையாட்டுகளிலும் பாட்டு அலற ஆரம்பித்துவிடும், பிறகு ராட்டினத்தின் கிட்டேகூடப் போக முடியாது. பச்சையப்பன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தில் போர் போடும்போது தண்ணீர் வருமா வராதா என்று நின்ற நாளில்கூட அவர் இப்படித் தவித்ததில்லை.

பத்தரைக்குச் சிறப்பு விருந்தினர் பாலசுப்பிரமணியன் வந்தார். ஏதோ ஒரு நற்பணி மன்றத்தின் தலைவர். அவர் காரிலிருந்து இறங்கியதும் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். விருந்தினருக்கு வெடி வைப்பது வழக்கம், அது அமைதி நேரத்தில் சேராது என்று மேலாளர் முன்பே தீர்மானித்திருந்தார்.

வெடி நிற்பதற்குள் ஹம்சா மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். கயல்விழி முந்தானையை அவள் தலையோடு சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, விடாமல், ஒரே சுருதியில்.

"போயிரலாம் மாமா," என்றாள் கயல்விழி. "எனக்கு ஒண்ணும் வாணாம். எம்பொண்ணு செத்துருவா."

எழுந்தார்கள். படியிறங்கும்போதே பச்சைத் தொப்பிக்காரர் மறித்தார். "பூர்ணகும்பம் வாங்கிட்டு நடுவுல எந்திரிச்சிப் போவக் கூடாதும்மா, எங்களுக்கு வேல போயிரும்." அவரைத் தள்ளிவிட்டுப் பத்து அடி போனார்கள். அதற்கு மேல் ஹம்சாவே வரவில்லை. வாசல் பக்கம் திரும்பியதும் உடம்பை விறைத்துக்கொண்டு மண்ணில் படுத்துவிட்டாள். ராட்டினம் வராமல் பஸ் வரக் கூடாது. அவளும் ஒரு வரிசை வைத்திருந்தாள். ஆனால் அவளுடைய வரிசைக்கு அச்சடித்த தாள் இல்லை, அதனால் யாரும் மதிக்கவில்லை.

இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. பச்சையப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே திரும்பினார். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் கைதட்டியது.

பாலசுப்பிரமணியன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தைகளுக்குச் சத்தம் ஆகாது என்று வருகிற வழியில்தான் மேலாளர் போனில் சொன்னார். எனவே சுருக்கமாகப் பேசுகிறேன்," என்று தொடங்கி அவர் பேசிக்கொண்டே போனார். "அமைதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நானும் சின்ன வயதில் இந்தக் குழந்தை மாதிரிதான். மற்றவர்கள் பேசினால் எனக்குத் தாங்காது. நான் பேசினால்தான் நிம்மதி. இன்றைக்கும் அப்படித்தான். இதோ பாருங்கள், குழந்தை காதை எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறாள்! ஏன் மூடியிருக்கிறாள்? நான் சொன்னதில் ஒரு சொல்கூட வெளியே சிந்திவிடக் கூடாது என்று உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறாள்! என் மன்றத்து உறுப்பினர்களிடம்கூட நான் இந்தக் கவனத்தைக் கண்டதில்லை!"

கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவில் அவர் பொன்னாடையை எடுத்து, முந்தானையை விலக்கி, ஹம்சாவின் கழுத்தில் சுற்றினார். ஜரிகை கழுத்தில் பட்டதும் அவள் அலறினாள்.  புகைப்படக்காரர் படம் எடுத்தார். "ஆனந்தக் கூச்சல்!" என்று ஷண்முகசுந்தரம் மைக்கில் விளக்கினார். "இந்தக் குழந்தைக்குப் பேச்சு வராது என்றார்கள். இன்றைக்குப் பேசவைத்துவிட்டோம்!"

பிறகு ஒருவழியாக ரிப்பனை வெட்டினார்கள். ராட்டினம் அசைந்து, கிறீச்சிட்டு, சுற்றத் தொடங்கியது.

அலறல் சட்டென்று நின்றது. கண்ணீரும் மூக்குச்சளியுமாக ஹம்சா வாயைத் திறந்தபடி பார்த்தாள். பச்சையப்பன் பொன்னாடையை உருவிப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ஒரு சுற்றுக்குப் போதும்.

ராட்டினத்தை நிறுத்திப் பெட்டிக் கதவைத் திறந்தார்கள். முன் பெட்டியில் நாதஸ்வரக்காரர்கள் ஏறினார்கள். பின் பெட்டியில் தவில்காரர்கள் ஏறினார்கள். பம்பைக்காரருக்கு இடமில்லை என்று மேல் பெட்டிக்கு அனுப்பினார்கள்.

"இவங்க எதுக்குங்க?" என்றார் பச்சையப்பன். 

"மொத சுத்து மங்கள வாத்தியத்தோடதான்," என்றார் ஷண்முகசுந்தரம். "பயப்படாத, காசு கேக்க மாட்டோம்."

தவில் ஒருமுறை உருண்டது. ஹம்சா பெட்டியின் கம்பியை விட்டுவிட்டுப் பின்வாங்கி, அம்மாவின் காலடியில் சுருண்டு உட்கார்ந்தாள். பல் மறுபடியும் மணிக்கட்டில் இறங்கியது.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கங்கே ஒவ்வொரு விளையாட்டுக் கூண்டிலும் ஆட்கள் பாட்டுப் பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்துத் தயாராக நின்றார்கள். "கொயந்த களைச்சிட்டுது போல. சரி, சுத்து அப்பால பாத்துக்கலாம். பெற்றோர் ஏற்புரை ஒண்ணுதான் பாக்கி. மேடைக்கெல்லாம் வர வாணாம், இங்கயே நின்னு நாலு வார்த்த சொல்லிடுப்பா. அதோட அமைதி நேரம் நிறைவு," என்று சொல்லி நீண்ட வயரோடு மைக்கைக் கொண்டுவரச் சொன்னார். பேசுகிறவரின் தலைக்கு மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று பெட்டிகளிலிருந்த வாத்தியக்காரர்களையும் கீழே இறக்கினார்.

பச்சையப்பன் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை.  காலையிலிருந்து விழுங்கிய கோபம் அத்தனையும் தொண்டைக்கு வந்திருந்தது. இவர்கள் ஒவ்வொருவரையும், பூர்ணகும்பத்திலிருந்து பம்பை வரைக்கும், கேட்கக் கூடாத வார்த்தையால் கேட்டுவிட வேண்டும் என்று மைக்கை வாங்கினார். வாயைத் திறந்தார்.

மைக் ஒருவர் கைக்குப் போய்விட்டால் மற்றவர்கள் பேசக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். அறிவிப்பாளர் வாயை மூடினார். பச்சைத் தொப்பிக்காரர்கள் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். தவில்காரர் உறை மாட்டிய விரல்களைத் தவிலின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் அழுத குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். பாலசுப்பிரமணியன் மற்றவர் பேச்சைக் கேட்கிற முகத்தை மிகுந்த சிரமத்தோடு வரவழைத்துக்கொண்டார்.

எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. நெடுஞ்சாலையில் ஏதோ லாரி போவது மட்டும் மெல்லக் கேட்டது.

ஹம்சா மணிக்கட்டிலிருந்து வாயை எடுத்தாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையையும்.

பச்சையப்பன் அதைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கயல்விழியைப் பார்த்து, கண்ணால் பெட்டியைக் காட்டினார். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவள் நிற்கவே இல்லை. மகளை எழுப்பி, பெட்டிக்குள் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் ஏறிக் கம்பியை மாட்டினாள். ராட்டினம் ஓட்டுகிறவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஏற்புரையை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார், கவனிக்கவில்லை. ஓட்டுகிறவர் நெம்புகோலைத் தள்ளினார்.

"பேசுப்பா," என்றார் ஷண்முகசுந்தரம் மெதுவாக.

"எல்லாருக்கும்..." என்றார் பச்சையப்பன். நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். பெட்டி பனைமர உயரத்துக்குப் போனது.

பதினொரு மணி ஆனது. சுவிட்சில் விரல் வைத்திருந்தவர்கள் மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். ஏற்புரை முடியாமல் அமைதியை முடிக்க அதில் வழி இல்லை. கையை ஆட்டி, பொறுங்கள் என்று சைகை காட்டினார். "உணர்ச்சிவசப்பட்டுட்டாரு," என்று சிறப்பு விருந்தினரின் காதில் கிசுகிசுத்தார். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் சுற்று முடிந்து பெட்டி கீழே வந்து, நிற்காமல் மேலே போனது. அந்த ஒரு கணத்தில் பச்சையப்பனுக்கு மகளின் முகம் கிட்டத்தில் தெரிந்தது. தெளிந்துவிட்டிருந்தது.  

"தண்ணி வேணுமா?" என்றார் ஷண்முகசுந்தரம்.

பச்சையப்பன் தலையாட்டினார். தண்ணீர் வந்தது. அண்ணாந்து, சொட்டுச் சொட்டாக, மைக்கைக் கீழே வைக்காமல் குடித்தார். குடித்து முடித்து மேல்துண்டால் வாயைத் துடைத்தார். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டார். தொண்டையைக் கனைத்தார். கூட்டம் முழுவதும் ஒரு அடி முன்னால் வந்து காதைக் கொடுத்தது.

"வணக்கம்னு சொல்லி ஆரம்பி," என்று ஷண்முகசுந்தரம் கெஞ்சினார்.

பச்சையப்பன் அதையும் கேட்டுக்கொண்டார். மைக்கை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். வாய்க்கு நேராகக் கொண்டுவந்து, அங்கேயே வைத்துக்கொண்டு, அண்ணாந்து மேலே பார்த்தபடி நின்றார்.